பல்லை எடுக்க ஒருவர், மூச்சைப் பார்க்க ஒருவர்

1799-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், வாயுக்களைச் சுவாசிக்கவைத்தே நோய்களைத் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கையில் தொடங்கப்பட்ட ஒரு மருத்துவ நிலையம். அதன் ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பாளர், இருபது வயது ஹம்ப்ரி டேவி. பின்னாளில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பிரித்தெடுத்துப் புகழ்பெற்ற அதே டேவிதான். அந்த வயதுக்கே உரிய தொல்லை அவரையும் பிடித்தது. தாடையின் கோடியில் ஞானப்பல் முளைக்கத் தொடங்கி, ஈறு வீங்கி, தூங்கவும் விடவில்லை, வேலை பார்க்கவும் விடவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நைட்ரஸ் ஆக்சைடு இருந்தது. இழுத்துப் பார்த்தார். நாலைந்து மூச்சில் வலி மங்கியது. சில நிமிடங்கள் சுகமாக மிதந்தார். வாயுவின் வேகம் தணிந்ததும் வலி திரும்பியது. முன்னைவிட அதிகமாகிவிட்டதோ என்றுகூட ஒருமுறை அவருக்குத் தோன்றியது.

மறு ஆண்டு வெளியிட்ட புத்தகத்தில் இதையெல்லாம் எழுதிய டேவி, அதிக ரத்தம் போகாத அறுவை சிகிச்சைகளில் இந்த வாயுவைப் பயன்படுத்தலாம் என்றும் குறித்துவைத்தார். படித்தவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார்கள். ‘சிரிப்பு வாயு’ என்ற பெயர்தான் நிலைத்தது. விருந்துகளிலும் மேடைகளிலும் ஆட்களை இழுக்கவைத்து, அவர்கள் தள்ளாடுவதைப் பார்த்துச் சிரிக்கும் பொழுதுபோக்காக அது அடுத்த நாற்பது ஆண்டுகளைக் கழித்தது. அந்த நாற்பது ஆண்டும் நோயாளிகள் கட்டிப்போடப்பட்டு அலறிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அப்படி ஒரு வேடிக்கை நிகழ்ச்சி 1844 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் நடந்தது. நடத்தியவர் கார்ட்னர் கோல்டன். பார்வையாளர்களில் ஒருவர் 29 வயதுப் பல் டாக்டர் ஹொரேஸ் வெல்ஸ். வாயுவை இழுத்த ஓர் இளைஞர் போதையில் ஓடியாடிக் காலைக் காயப்படுத்திக்கொண்டார். ரத்தம் வழிந்தும் வலி தெரியவில்லை என்றார். கூட்டம் சிரித்தது. வெல்ஸ் யோசித்தார். மறுநாளே கோல்டனைத் தன் மருத்துவமனைக்கு வரவழைத்து நாற்காலியில் அமர்ந்தார். கோல்டன் வாயுப்பையைப் பிடிக்க, சக பல் டாக்டர் ஜான் ரிக்ஸ், வெல்ஸின் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார். அதுவும் ஒரு ஞானப்பல்தான்.

வலியில்லாப் பல் மருத்துவம் அன்று தொடங்கியது. அந்த அறையில் இருந்த வேலைப் பிரிவினையையும் கவனிக்க வேண்டும். வாயு கொடுத்தவர் ஒருவர். பல்லைப் பிடுங்கியவர் வேறொருவர். 180 ஆண்டுகள் கழித்தும் பல் மருத்துவ உலகம் சண்டை போட்டுக்கொண்டிருப்பது இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

வெல்ஸின் மிச்சக் கதை துயரமானது. 1845 ஜனவரியில் பாஸ்டனில் ஹார்வர்டு மருத்துவ மாணவர்கள் முன் செய்துகாட்டப் போனார். வாயு போதுமான அளவு ஏறுவதற்குள் பையை எடுத்துவிட்டதால் நோயாளி கத்திவிட்டார். மோசடி என்று கேலி எழுந்தது. அவருடைய பழைய கூட்டாளி வில்லியம் மார்ட்டன் 1846 அக்டோபர் 16 அன்று அதே நகரில் ஈதரை வைத்து வெற்றி கண்டு பெயரைத் தட்டிச்சென்றார். வெல்ஸ் தன்மீதே குளோரோஃபார்மைச் சோதித்துச் சோதித்து அதற்கு அடிமையானார். 1848 ஜனவரியில், போதையில் தெருவில் பெண்கள்மீது அமிலம் வீசியதாக நியூயார்க் சிறையில் அடைக்கப்பட்டு, அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 33. மயக்கத்தைக் கண்டறிந்தவர் அவரே என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 1864-இல் தீர்மானம் போட்டது.

இத்தனை வரலாற்றுக்கும் காரணமான பல், பதினேழிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் எட்டிப்பார்ப்பது. சிலருக்கு அது உருவாவதே இல்லை, அவர்கள் அதிர்ஷ்டசாலிகள். மற்றவர்களுக்கு, மனிதத் தாடை சுருங்கிவிட்டதால் கடைசி ஆளுக்கு இடம் போதாமல், பாதி வெளியே தெரிந்தும் பாதி ஈறுக்குள் புதைந்தும் நிற்கிறது. முன்பக்கம் சாய்ந்து அடுத்த பல்லை இடிக்கும். சில சமயம் எலும்புக்குள் படுத்தே கிடக்கும். பாதி மூடிய ஈறு மடலுக்கு அடியில் உணவுத் துணுக்கு சேர்ந்து, கிருமி பெருகி, கன்னம் வீங்கி, வாயைத் திறக்க முடியாமல் போகும்போதுதான் பெரும்பாலானவர்கள் டாக்டரைத் தேடி ஓடுகிறார்கள்.

டாக்டர் முதலில் கேட்பது இரண்டு தாடையும் முழுதாகத் தெரியும் ஓபிஜி எக்ஸ்-ரே. பல் சாய்ந்திருக்கும் கோணத்தைவிட அவர் உற்றுப் பார்ப்பது, வேருக்கு அடியில் ஓடும் ஒரு கால்வாயை. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அதற்குள்தான் போகிறது. நாக்கின் நரம்பும் பக்கத்திலேயே இருக்கிறது. இவற்றுக்கு அடிபட்டு உதடோ நாக்கோ நிரந்தரமாக மரத்துப்போவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. வேர் நரம்பை ஒட்டியே இருந்தால் முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். ஆபத்து தெரிந்தால் பல்லின் மேற்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை உள்ளேயே விட்டுவிடும் முறையும் உண்டு.

சரி, வலிக்காமல் எடுப்பது எப்படி?

தமிழ்நாட்டில் பத்துப் பேரைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில் வரும்: ஊசி போட்டு மரத்துப்போக வைத்து எடுத்தார்கள். 1953-இல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியானாலும், சின்ன ஊரின் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் இருக்கும் கிளினிக்கானாலும் நடைமுறை அதுதான். இந்த ஊசிக்கும் ஒரு ரத்தக்கறை படிந்த வரலாறு இருக்கிறது. கீழ்த்தாடை நரம்பில் மருந்து செலுத்தி ஒரு பக்கம் முழுவதையும் மரக்கச் செய்யலாம் என்று 1880-களின் நடுவில் நியூயார்க்கில் காட்டியவர் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட். அவர் செலுத்திய மருந்து கோக்கைன். தன் உடம்பிலும் சகாக்கள் உடம்பிலும் போட்டுப் பார்த்துப் பார்த்து அதற்கு அடிமையானார். பின்னாளில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பெரும்புகழ் பெற்ற சர்ஜனாக உயர்ந்தபோதும் போதைப் பழக்கம் அவரை முழுதாக விடவில்லை.

கோக்கைனுக்குப் பதிலாக 1905 வாக்கில் ஜெர்மனியிலிருந்து நோவோகெய்ன் வந்தது. 1943-இல் ஸ்வீடன் வேதியியலாளர் நில்ஸ் லோஃப்கிரென் லிக்னோகெய்னை உருவாக்கினார்; 1948-இல் அது சைலோகெய்ன் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. இன்று பல் டாக்டர் கையில் இருக்கும் ஊசியில் பெரும்பாலும் இதுவும், ரத்தக்குழாயைச் சுருக்கி மருந்தை அங்கேயே தங்கவைக்கச் சிறிது அட்ரினலினும் கலந்திருக்கும்.

இந்த ஊசி வலியை நிறுத்தும்; அழுத்தத்தை நிறுத்தாது. எலும்பைக் குடையும் டிரில் சத்தம் காதுக்குள் கேட்கும். பல்லை இரண்டாக வெட்டும்போது ‘டப்’ என்று ஓர் ஓசை மண்டைக்குள் அதிரும். தாடையை யாரோ பெயர்த்தெடுப்பதுபோல இருக்கும், ஆனால் வலி இருக்காது. இதை முன்கூட்டியே சொல்லிவிடும் டாக்டரிடம் நோயாளி பாதி பயத்தை அப்போதே இறக்கிவைத்துவிடுகிறார். சொல்லாமல் ஆரம்பிக்கும் டாக்டரின் நோயாளிதான் நாற்காலியின் கையை நசுக்குகிறார்.

ஊசி சில சமயம் சரியாகப் பிடிக்காமலும் போகும். சீழ் பிடித்த இடத்தில் திசு அமிலத்தன்மை அடைந்துவிடுவதால் மருந்து நரம்புக்குள் போவது குறைகிறது. ‘வீக்கம் வற்றட்டும், ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வாருங்கள்’ என்று டாக்டர் திருப்பி அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அதைக் காசு பிடுங்கும் தந்திரம் என்று நினைத்து வேறு கிளினிக்குக்குப் போய் உட்கார்பவர்கள் உண்டு. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பாட்டி காலத்துப் பயத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். பல்லின் நரம்பு வேறு. பார்வை நரம்பு வேறு. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

ஊசி மட்டும் போதாதவர்கள் இருக்கிறார்கள். ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுபவர்கள், வாய்க்குள் கண்ணாடி போனாலே குமட்டுபவர்கள், நாலு பல்லையும் ஒரே நாளில் எடுக்க வேண்டியவர்கள், எலும்புக்குள் ஆழமாகப் புதைந்த பல்லுக்காரர்கள். இவர்களுக்குத்தான் மருந்தால் பதற்றத்தைத் தணித்து அரைமயக்கத்தில் வைக்கும் செடேஷன் என்ற ஏற்பாடு. அதுவும் ஊசியோடு சேர்ந்துதான். ஊசிக்குப் பதிலாக வருவது முழு மயக்கத்தில்கூட அபூர்வம்.

இந்த ஏணியின் முதல் படியில் நிற்பது டேவியின் அதே வாயு. மூக்கில் சிறு முகமூடி வைத்து ஆக்சிஜனோடு கலந்து தருகிறார்கள். இன்றைய இயந்திரங்கள் ஆக்சிஜனை 30 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாமல் தடுத்துவிடும். உடல் லேசாகி, காலம் வேகமாக ஓடுவதுபோல் தோன்றும். கேட்டால் பதில் சொல்லலாம். முகமூடியை எடுத்துச் சில நிமிடம் ஆக்சிஜன் கொடுத்தால் தெளிந்துவிடும். இருப்பவற்றில் மிகவும் சாதுவானது இதுதான். ஆனால் ஒரு எச்சரிக்கை நம் ஊர்க்காரர்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும். நைட்ரஸ் ஆக்சைடு உடலில் உள்ள வைட்டமின் பி12-ஐச் செயலிழக்கச் செய்கிறது. பல்லாண்டுகளாகச் சுத்த சைவமாக இருந்து பி12 ஏற்கெனவே மிகவும் குறைந்திருப்பவர்கள் அதை டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

அடுத்த படி, மாத்திரை. அதற்கும் மேலே, கையின் ரத்தக்குழாயில் ஏற்றும் மிடசோலம். இதன் சுபாவம் விசித்திரமானது. ‘வாயைத் திறங்கள்’ என்றால் நோயாளி திறப்பார். ‘இந்தப் பக்கம் திரும்புங்கள்’ என்றால் திரும்புவார். வீட்டுக்கு வந்தபின் எதுவுமே நினைவிருக்காது. ‘நன்றாகத் தூங்கிவிட்டேன்’ என்று ஊரெல்லாம் சொல்வார், தூங்கியிருக்கவே மாட்டார். அளவு மீறினால் மாற்று மருந்தும் கைவசம் இருக்கிறது, ஃப்ளூமசெனில் என்று பெயர். இதனால் மிதமான செடேஷனுக்கு உலகம் முழுக்க மிடசோலத்துக்கு மதிப்பு.

அதற்கும் மேலே போனால் பால் நிறத்தில் ஒரு மருந்து, புரோபோஃபால். ஒரு நிமிடத்துக்குள் ஆளைச் சாய்த்துவிடும்; நிறுத்தினால் சீக்கிரமே எழுப்பிவிடும். ஆனால் இதற்கு மாற்று மருந்து கிடையாது. ஆழ்ந்த செடேஷனுக்கும் முழு மயக்கத்துக்கும் இடையே சுவர் ஏதும் இல்லை. ஓரிரு மில்லி கூடினாலும், அதே அளவு சற்று மெலிந்த உடலுக்குப் போனாலும், நோயாளி மூச்சுவிட மறந்துவிடலாம். 2009-இல் மைக்கேல் ஜாக்சன் இறந்தது இந்த மருந்தால்தான் என்பது பலருக்கு நினைவிருக்கும். அவருக்கு அதைக் கொடுத்தது தகுதி பெற்ற மருத்துவரே. படுக்கையறையில், உரிய கண்காணிப்புக் கருவிகள் இல்லாமல் கொடுத்ததுதான் குற்றமானது. 2011-இல் அந்த மருத்துவர் தண்டிக்கப்பட்டார்.

ஆக, எந்த மருந்து என்பது பாதிக் கேள்விதான். மூச்சை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது மீதிப் பாதி. பல் மருத்துவத்தில் இது இன்னும் சிக்கலாகிறது; டாக்டர் வேலை செய்யும் இடமும் நோயாளி மூச்சுவிடும் வழியும் ஒன்றே. ரத்தம், உமிழ்நீர், தண்ணீர், பல் துண்டு எல்லாம் அந்தப் பாதையில்தான் விழுகின்றன.

இந்தக் கேள்விக்குப் பிரிட்டன் மிகக் கறாராகப் பதில் சொல்லிவிட்டது. அங்கே ஒரு காலத்தில் தெருமுனைப் பல் கிளினிக்கிலேயே முழு மயக்கம் கொடுத்துப் பல் பிடுங்குவது சர்வ சாதாரணம். நாற்காலியிலேயே சிலர், குழந்தைகள் உட்பட, இறந்தார்கள். 2000-இல் அரசு ஓர் அறிக்கை வெளியிட்டது; 2001 டிசம்பர் 31-உடன் கிளினிக்குகளில் முழு மயக்கத்துக்கு மூடுவிழா நடந்தது. அதன்பின் அவசர சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையில் மட்டும்தான். கிளினிக்கில் அனுமதிக்கப்படுவது, பேசினால் பதில் சொல்லும் நிலையிலான செடேஷன்.

அமெரிக்கா வேறு பாதையில் போனது. கல்லூரி விடுமுறையில் நாலு ஞானப்பல்லையும் ஆழ்ந்த மயக்கத்தில் எடுத்துவிட்டு, மயக்கம் தெளியாத பிள்ளை காரில் உளறுவதை அம்மா வீடியோ எடுத்து இணையத்தில் போடுவது அங்கே கிட்டத்தட்ட ஒரு குடும்பச் சடங்கு. வாய், முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணர்களுக்கு அங்கே மயக்கவியலிலும் முறையான பயிற்சி உண்டு. பல மாநிலங்களில், பல்லை எடுக்கும் அதே நிபுணர் தன் குழுவின் உதவியோடு மயக்கத்தையும் தானே மேற்பார்வையிடலாம். ஆயிரக்கணக்கானோருக்கு எந்தச் சிக்கலும் இல்லாமல் இப்படி நடந்திருக்கிறது என்பது அவர்கள் வாதம். அது பொய்யல்ல. ஆனால் 2015-இல் கலிஃபோர்னியாவில் பல் சிகிச்சைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட ஆறு வயதுச் சிறுவன் உயிரிழந்தபின் வாதம் சூடுபிடித்தது. மறு ஆண்டு அவன் பெயரால் அழைக்கப்படும் ஒரு சட்டம் வந்தது; மயக்கத்தைக் கண்காணிப்பவர் யார் என்பது இடத்துக்கு இடம் மாறும் என்பதைப் பெற்றோரின் ஒப்புதல் படிவத்திலேயே எழுத வேண்டியதாயிற்று. 2019-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பும் குழந்தைப் பல் மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து, பல் கிளினிக்கில் குழந்தைக்கு ஆழ்ந்த மயக்கம் கொடுத்தால் பல் டாக்டரைத் தவிர மயக்கத்துக்கென்றே பயிற்சி பெற்ற இன்னொருவர் இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டன. கோல்டனும் ரிக்ஸும் நின்ற அதே நிலைதான்.

கருவிகளும் இதில் ஏமாற்றும். கொரோனா காலத்துக்குப் பிறகு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் என்றால் வீட்டுக்கு வீடு தெரியும். 1974-இல் ஜப்பான் பொறியாளர் தகுவோ அவோயாகி கண்டுபிடித்த தத்துவத்தில் இயங்குவது. மயக்கத்தின்போது நோயாளிக்குக் கூடுதல் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால், மூச்சு நின்றுபோன பிறகும் சற்று நேரத்துக்கு அந்தக் கருவி 99 என்றே காட்டிக்கொண்டிருக்கும். எண் இறங்கும்போது நேரம் கடந்திருக்கலாம். வெளியே வரும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறதா என்று பார்க்கும் கேப்னோகிராஃப் கருவி அப்படி ஏமாறாது; மூச்சு நின்ற உடனே திரையில் கோடு தட்டையாகிவிடும். 2011 முதல் அமெரிக்க மயக்கவியல் நிபுணர்கள் சங்கம் மிதமான செடேஷனுக்கே இதை வலியுறுத்துகிறது.

இவ்வளவும் பேசிய பிறகு ஒரு அடிப்படைக் கேள்வி பாக்கி: அந்தப் பல்லை எடுத்தே ஆகவேண்டுமா? பிரிட்டனில் எந்தச் சிகிச்சைக்கு அரசுப் பணம் செலவிடலாம் என்று பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பு, 2000-இல் வெளியிட்ட தன் முதல் மதிப்பீட்டு வழிகாட்டுதலுக்கே எடுத்துக்கொண்டது ஞானப்பல்லைத்தான். நோயில்லாத பல்லை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எடுக்காதீர்கள் என்றது அது. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் பேரிடமிருந்து ஒரு கோடி ஞானப்பற்கள் எடுக்கப்படுவதாகவும், அதில் மூன்றில் இரண்டு பங்கு தேவையற்றவை என்றும் 2007-இல் ஜே ஃப்ரீட்மன் என்ற பல் மருத்துவர் மதிப்பிட்டார். அவருடைய சக மருத்துவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. பிரிட்டனின் கறாரும் முழு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. சாய்ந்த ஞானப்பல்லை அப்படியே விட்டதில் சிலருக்கு முன்னால் இருக்கும் நல்ல பல் சொத்தையாகி, வயது கூடி எலும்பு இறுகியபின் எடுக்க வந்தார்கள். திரும்பத் திரும்ப ஈறு வீங்குவது, சொத்தை, நீர்க்கட்டி, பக்கத்துப் பல்லுக்குச் சேதம் இவை இருந்தால் எடுப்பதில் இரண்டாவது பேச்சு இல்லை. சும்மா கிடக்கும் பல்லை, ஆண்டுக்கொருமுறை பார்த்துக்கொண்டு விட்டுவைக்கலாம்.

எடுப்பதென்று முடிவாகி, செடேஷனும் வேண்டும் என்றால், தொகையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை இருக்கின்றன. மருந்தைக் கொடுப்பவர் யார், அவர் கடைசிவரை அங்கேயே இருப்பாரா, மூச்சைக் காட்டும் கருவி இருக்கிறதா, சிக்கல் வந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள்? நம் ஊரில் முழு மயக்கம் என்றால் பொதுவாக மயக்கவியல் மருத்துவர் ஒருவரைத் தனியாக வரவழைக்கிறார்கள் அல்லது மருத்துவமனையில் சேர்த்துச் செய்கிறார்கள். செலவு கூடுவது அதனால்தான்; அந்தச் செலவைக் குறைக்கப் பேரம் பேசுவது புத்திசாலித்தனம் இல்லை. குறட்டைவிட்டு நடுவில் மூச்சு நிற்பவர், அதிக எடை உள்ளவர், ஆஸ்துமாக்காரர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர், கர்ப்பிணி ஆகியோர் இதை மறைக்கவே கூடாது. கையின் ரத்தக்குழாயில் மருந்து ஏற்றுவதென்றால் ஆறு மணி நேரத்துக்கு முன் டிபனை முடித்துக்கொள்ள வேண்டும். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்வரை பரவாயில்லை. ‘ரெண்டு இட்லிதானே’ என்று சாப்பிட்டுவிட்டு வந்தால் அது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். திரும்பும்போது உடன் ஒருவர் வேண்டும். அன்று முழுக்க பைக் சாவியைத் தொடக்கூடாது.

வீட்டுக்கு வந்தபின் வலிக்கு இபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்தால், அமெரிக்காவில் ஒரு காலத்தில் வாரி வழங்கிய ஓபியாய்டு மாத்திரைகளைவிட நன்றாகவே கேட்கிறது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இபுப்ரோஃபெனுக்கு முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஐஸ்கிரீம் தாராளமாகச் சாப்பிடலாம். ஸ்ட்ரா வேண்டாம், காறித் துப்ப வேண்டாம், சிகரெட் வேண்டவே வேண்டாம். பல் இருந்த குழியில் உறைந்த ரத்தம்தான் அதற்குக் கட்டு. அது பெயர்ந்துவிட்டால் இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் காதுவரை இழுக்கும் வலி கிளம்பும். அப்போது டாக்டர் குழியைக் கழுவி வைக்கும் மருந்துக்கட்டில் பெரும்பாலும் யூஜினால் இருக்கும். கன்னியாகுமரி மலைத்தோட்டங்களில் விளையும் கிராம்பின் எண்ணெயில் இருக்கும் அதே பொருள். அதற்காகக் கிராம்பெண்ணெயை வீட்டில் அப்படியே குழிக்குள் ஊற்றக்கூடாது, புண்ணை அரித்துவிடும். வீக்கம் மூன்றாம் நாளுக்குப் பின்னும் ஏறினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானாலோ, உதடு மரத்தது மறுநாளும் தெளியாமல் இருந்தாலோ, போன் பண்ணி விசாரிக்காமல் நேரில் போய்விட வேண்டும்.